சிவப்புத் தரை வீட்டுக்கு ஒரு சாம்பல் நிறம்

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் எங்கள் ஹோலுக்குப் பெயின்ற் அடித்து முடிந்தது. பெயின்ற் அடிக்கும் பாஸ் ஏணியை மடித்து விறாந்தையில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து மெல்ல நடந்து வந்த அம்மா, நடு ஹோலில் நின்று நாலு சுவரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"என்ன மனே, ஆஷ் எண்டு சொல்லிப்போட்டுக் கத்தரிப்பூ நிறத்தில அடிச்சி வெச்சிருக்கீங்க?"

காலையிலிருந்து எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஈரம் காய்ந்தால் மாறிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். ஈரம் காய்ந்தது. பொங்கல் பானையும் வைத்தோம், விருந்தாட்களும் வந்து போனார்கள். ஒரு கிழமை கழித்தும் அது கத்தரிப்பூ நிறமாகவே இருந்தது. தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை ஊதா. மேலே போகப் போக நீலம். ஒரே சுவரில் ஒரே பெயின்ற்தான் அடித்திருந்தோம்.

இப்போது மட்டக்களப்பில் வீடு திருத்துகிறவர்களில் பாதிப் பேர் ஆஷ் என்று சொல்லும் சாம்பல் நிறத்தைத்தான் கேட்கிறார்கள். போன வருடம் மட்டும் எனக்குத் தெரிந்த நாலு வீடுகளில் அடித்தார்கள். அதில் இரண்டு வீட்டுக்காரர், "அட்டையில் பார்த்த நிறம் இது இல்லை" என்று என்னிடமே சொன்னார்கள். நாங்கள் இரண்டாம் முறை அடித்து, சரியான நிறத்தைப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் தெரிந்துகொண்டதை யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் வீடு கல்லடியில், வாவிப் பக்கம். அப்பா 1974இல் கட்டியது. முன்பக்கம் கிழக்கு. அகலமான விறாந்தை இருப்பதால் ஹோலுக்குள் நேர்வெயில் வருவது குறைவு. மேற்கு அறை யன்னலைத் திறந்தால் வாவி தெரியும். குசினி வடக்கில். வீடு முழுக்கச் சிவப்புச் சீமெந்துத் தரை. கிழமைக்கு ஒருமுறை சிவப்புப் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்து மினுக்கிய தரை அது. அப்பா தன் கையாலேயே நின்று மட்டம் பார்த்துப் போட்ட தரை என்பதால், அதை உடைத்து மாபிள் பதிக்கும் பேச்சை அம்மாவிடம் யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்க விரும்பவில்லை. சுவர் மட்டும் ஐம்பது வருடமாகக் கிறீம் நிறம்.

சாம்பல் நிறம் அடிக்கும் எண்ணம் லண்டனில் இருக்கும் தம்பி அனுப்பிய படத்திலிருந்து வந்தது. அவன் வீட்டு ஹோல்: மங்கிய வெளிச்சம், வெளிர்ந்த மரத்தரை, வெள்ளைக் கதவு நிலைகள், சாம்பல் சுவர். "அக்கா, இதுதான் இப்ப எல்லாரும் அடிக்கிறது. பார்க்க அமைதியா இருக்கும்" என்றான். படம் அழகாகத்தான் இருந்தது. அதே போன்ற நிறத்தை போனில் காட்டி, காத்தான்குடியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கலர் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, "இது நல்ல ஆஷ்" என்று எங்கள் கண்ணுக்குப் பட்டதைக் கலக்கச் சொன்னோம். அரை மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் பிறகு மூன்று மாதம் செலவழிந்தது.

போன் படத்தை நம்பக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கமரா தானாகவே வெளிச்சத்தின் நிறத்தைச் சரிக்கட்டும். மஞ்சள் வெளிச்சத்தில் எடுத்தாலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டத்தான் அது பார்க்கும். எங்கள் கத்தரிப்பூச் சுவரை என் மகள் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பியபோது, அவனுக்கு அது நல்ல சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. "என்னக்கா குறை?" என்று கேட்டான்.

நடந்தது என்ன என்று விளங்கிக்கொள்ள, ரின் மூடியில் ஒட்டியிருந்த ஸ்ரிக்கரோடு கடைக்கே திரும்பப் போனேன். அங்கே மெஷினில் நிறம் கலக்கும் தம்பி பொறுமையானவர். அந்த ஸ்ரிக்கரில் நிறத்தின் பெயருக்குக் கீழே சில எழுத்துகளும் எண்களும் இருக்கும். எந்தச் சாயம் எவ்வளவு விழுந்தது என்ற கணக்கு அது. எந்த எழுத்து எந்தச் சாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எங்கள் நிறத்தில் கறுப்பு, அடுத்து நீலம், பிறகு துளி சிவப்பு.

"டீச்சர், ஆஷ் எண்டு தனியா ஒரு சாயம் இல்ல. வெள்ள பேஸுக்குக் கறுப்பு விடுறது. மறுகா மத்தக் கலர்ல ஒண்டு ரெண்டு சொட்டு. அந்தச் சொட்டுலதான் எல்லாம் இரிக்கி."

பத்து வருடம் கலந்த கை சொல்கிறது. சாம்பல் நிறங்களுக்கு இடையில் உள்ள வித்தியாசம் அந்தச் சொட்டில்தான். கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் சேர்த்தாலே சாம்பல் கொஞ்சம் நீலச் சாயலோடு வரும். அதில் மஞ்சள் ஒக்சைட் என்ற சாயம் விழுந்தால் மண் பக்கம் போகும், சிவப்பு விழுந்தால் புறாக் கழுத்து மாதிரி ஊதா ஏறும், பச்சை விழுந்தால் பாசி படர்ந்த சீமெந்து மாதிரி. அட்டையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் நாலு சாம்பலும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். சுவர் முழுக்க அடித்த பிறகுதான் உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும். ஆகவே வாங்குவதற்கு முன்பே அந்தக் கணக்கைப் பார்த்து விடுங்கள். மெஷின் திரையில் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். நிறத்தின் பெயரால் ஒரு பயனும் இல்லை.

எங்கள் சுவரில் நடந்தது இதுதான். நீலச் சாயல் உள்ள சாம்பல். கீழே மினுக்கிய சிவப்புத் தரை. விறாந்தைக்குள் வரும் வெளிச்சம் அந்தத் தரையில் பட்டு, சிவந்து, சுவரின் கீழ்ப்பாதியில் விழுகிறது. நீலத்தோடு சிவப்பு சேர்ந்தால் ஊதாதானே. மேல்பாதிக்குத் தரை வெளிச்சம் எட்டுவதில்லை. அங்கே விழுவது விறாந்தை விளிம்பால் நுழையும் வான வெளிச்சம், அதிலே நீலம் அதிகம். நீலச் சாம்பல் அங்கே இன்னும் நீலமாகிறது. நான் பள்ளிக்கூடத்தில் ஒளித்தெறிப்புப் படிப்பிக்கிறவள். தரையும் ஒரு விளக்கு மாதிரி வேலை செய்யும் என்பது வீட்டுக்குள் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

இதற்கிடையில் வீட்டில் ஒரு வாக்குவாதம். என் கணவர், "எனக்கு நீலமும் தெரியல்ல ஊதாவும் தெரியல்ல, நல்ல ஆஷ்தானே" என்று பிடித்த பிடியில் நின்றார். அவருக்கு 61 வயது. மகள் என் பக்கம். அம்மாவுக்கு 76 வயது, அவர் எங்கள் எல்லாரையும் விடத் தெளிவாகக் கத்தரிப்பூ என்கிறார். எப்படி?

அம்மாவுக்கு நவம்பரில்தான் வலக் கண்ணில் வெண்புரை ஒப்பரேசன் செய்தது. இடக் கண்ணுக்கு இன்னும் செய்யவில்லை. ஒரு நாள் காலை, கதிரையில் இருந்தபடி ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை. இரண்டு மூன்று தரம் மாற்றி மாற்றிப் பொத்தினார்.

"இஞ்ச வாகா. வலக் கண்ணப் பொத்தினா ஆஷ். இடக் கண்ணப் பொத்தினா கத்தரிப்பூ."

வயது போகப் போகக் கண்வில்லை மஞ்சளாகும். வெண்புரை இருந்தால் இன்னும் அதிகமாக. மஞ்சள் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பது போல, நீலத்தை அது தடுத்துவிடும். ஒப்பரேசனில் பழைய வில்லையை எடுத்துத் தெளிவான வில்லை வைத்த பிறகு, நீலம் திடீரென்று உள்ளே வருகிறது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனேக்கு 1923இல் வெண்புரை ஒப்பரேசன் செய்த பிறகு, நிறங்கள் மாறித் தெரிவதாக அவர் மிகவும் கஷ்டப்பட்டார் என்று வாசித்திருக்கிறேன். எங்கள் அம்மாவுக்கோ ஒரே முகத்தில் ஒரு பழைய கண்ணும் ஒரு புதிய கண்ணும். பெயின்ற் பார்க்க அதைவிட நல்ல கருவி எங்களுக்குக் கிடைத்திராது.

அன்றிலிருந்து ஒரு விடயத்தை உறுதியாகச் சொல்வேன். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், நிறத்தை அவர்களிடம் மட்டும் காட்டியோ, அவர்களை விட்டுவிட்டோ முடிவெடுக்கக்கூடாது. நீலம் இருக்கிறதா இல்லையா என்று சண்டை வந்தால், இளையவர்களின் கண்ணை நம்புங்கள். இன்றைக்கு நீலம் தெரியாதவருக்கு, ஒப்பரேசன் செய்த மறுநாள் தெரியும். அவர் பிறகும் அதே சுவருக்குள்தான் இருக்கப்போகிறார்.

சரி, இரண்டாம் முறை எப்படிச் செய்தோம் என்று சொல்கிறேன்.

நாலு சாம்பல் நிறங்களைத் தேர்ந்தோம். நான் போன கடையில் ஒரு லீற்றருக்குக் குறைவாகக் கலந்து தரவில்லை, அதனால் நாலு லீற்றர் செலவு. அது வீணில்லை, மிஞ்சியதைப் பின்வளவு மதிலுக்கு அடித்துவிட்டோம். கம்பனிப் பெயர்கள் குழப்பும் என்று வீட்டுக்குள் நாங்களே பெயர் வைத்தோம்: கடல் ஆஷ், புறா ஆஷ், சீமெந்து ஆஷ், புழுதி ஆஷ். கடல் ஆஷில் நீலம், புறாவில் ஊதா, சீமெந்து ஆஷ் அட்டையில் மிகச் சுத்தமான சாம்பல். புழுதி ஆஷில் கறுப்போடு மஞ்சள் ஒக்சைட்டும் கொஞ்சம் பச்சையும். அட்டையில் பார்த்தபோது கடைசி நிறத்தை ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "நிலம் துடைச்ச துணி மாதிரி இரிக்கிம்மா" என்றாள் மகள். அதைப் பட்டியலில் வைத்ததற்கு ஒரே காரணம், ஸ்ரிக்கர் கணக்கில் அது மற்ற மூன்றுக்கும் எதிர்ப்பக்கம் இருந்ததுதான்.

சுவரில் நேரே திட்டுத் திட்டாக அடித்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே ஊதாவாக இருக்கும் சுவரில் ஒரு கையகலத் திட்டு அடித்தால், கண் அந்தத் திட்டை ஊதாவோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். பள்ளிக்கூடத்துக்கு வாங்கும் வெள்ளைப் பிறிஸ்ரல் போட் எடுத்தேன். முழு அளவுப் போட், வெட்டவில்லை. ஓரத்தில் மூன்று விரல் அகலம் வெள்ளையாகவே விட்டு, நடுவில் றோலரால் இரண்டு பூச்சு. முதல் போட் ஈரத்தில் சுருண்டு போனது. பிறகு பழைய ரீவிப் பெட்டி அட்டையில் ஒட்டி அடித்தேன், தட்டையாக நின்றது. அந்த வெள்ளை ஓரம் முக்கியம். அது பழைய சுவரின் நிறத்தைப் புது நிறத்திலிருந்து பிரித்து வைக்கும், வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் உள்ளே ஒளிந்திருக்கும் நிறமும் தெரியவரும்.

நாலு போட்டையும் வரிசையாக ஒரே சுவரில் ஒட்டுவதும் ஏமாற்றும். என்னிடம் மருதமுனைக் கைத்தறிச் சேலை இரண்டு இருக்கின்றன. இரண்டுக்கும் உடல் ஒரே சாம்பல் நூல். ஒன்றுக்குச் சிவப்புக் கரை, மற்றதுக்கு நீலக் கரை. கட்டியிருக்கும்போது, சிவப்புக் கரைச் சேலையின் உடல் இலேசாகப் பச்சை ஓடும். நீலக் கரைச் சேலை கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். கரையை மடித்து மறைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை. 1824இல் பாரிஸின் கோபலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக வந்த செவ்ரோல் என்ற இரசாயனவியலாளருக்கும் இதே பிரச்சினைதான் வந்தது. கறுப்பு நூல் கறுப்பாக இல்லை என்று முறைப்பாடு. ஆராய்ந்து பார்த்தால் சாயத்தில் பிழையில்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள் கறுப்பை மாற்றிக் காட்டியிருக்கின்றன. 1839இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். எல்லா நிறத்திலும் சாம்பல்தான் இந்த வகையில் மிகவும் இளகிய நிறம். பக்கத்தில் எது இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு போட்டை மட்டும் வைத்துப் பார்த்தேன். மற்ற மூன்றும் அறைக்குள்.

ஒட்டிய இடங்கள்: தரையோடு ஒட்டி ஒன்று, யன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று, யன்னல் இருக்கும் சுவரிலேயே ஒன்று. யன்னல் சுவர் எப்போதும் மற்றச் சுவர்களை விட இருட்டாகத் தெரியும், அதை மறந்துவிடக்கூடாது. நாலாவது இடத்தைச் சொன்னவர் ஆரையம்பதியிலிருந்து வரும் பாஸ். "மூலைக்குள்ள வெச்சுப் பாருங்க புள்ள. ரெண்டு சுவரும் ஒண்டில ஒண்டு பட்டுக் கலர் கூடும்" என்றார். ஒரு போட்டை நடுவில் மடித்து மூலைக்குள் சொருகினேன். உண்மைதான். தட்டையாக இருந்தபோது தெரியாத ஊதா, புறா ஆஷில் மூலைக்குள் போனதும் தெளிவாக வந்தது. நாலு சுவரும் அடித்த அறை என்பது நாலு மூலை உள்ள அறை. அட்டையில் பிடித்ததை விட ஒரு படி வெளிறியதை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அப்படி மூன்று கிழமை மாற்றி மாற்றி வைத்தோம். காலை ஏழு மணி, மத்தியானம், பின்னேரம் நாலரை, இரவு விளக்குப் போட்ட பிறகு. மாரியின் கடைசி மழைகள் இரண்டு வந்தன, அவையும் உதவின. மழை நாளில் கடல் ஆஷ் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரிக் குளிர்ந்தது. சீமெந்து ஆஷ் மீது எனக்கு நம்பிக்கை இருந்தது, அட்டையில் அதுதான் அசல் சாம்பல். தரையோடு வைத்தபோது அதன் கீழ்விளிம்பு றோஸ் ஆனது.

மூன்றாம் கிழமை ஒரு காலை, புழுதி ஆஷ் போட்டைத் தரையோடு சாத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோது, அது சாம்பலாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை, சாம்பல். கீழே சிவப்பு ஏறவில்லை, அதிலிருந்த பச்சை அதை விழுங்கிவிட்டது. மேலே கொண்டுபோய் வைத்தேன். வானத்தின் நீலத்தை மஞ்சள் ஒக்சைட் சரிக்கட்டியது. அட்டையில் அழுக்காகத் தெரிந்த அந்த மஞ்சளும் பச்சையும்தான் எங்கள் ஹோலுக்கு வேண்டியிருந்தவை. கடை வெளிச்சத்தில் வெள்ளை மேசை மேல் சரியான சாம்பலாகத் தெரிவது, சிவப்புத் தரை மேல் சரியாகத் தெரியாது. எங்கள் தரை மேல் சரியாகத் தெரிவது, கடையில் துடைத்த துணி மாதிரித்தான் இருக்கும். இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அம்மா இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பொத்திப் பார்த்துவிட்டு, "இது ரெண்டிலயும் ஆஷ்தான் மனே" என்றார். கணவரும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் வெள்ளை மாபிள் என்றால் இந்தக் கணக்கு வேறு. அங்கே தரை நிறம் ஏற்றாது, சுத்தமான சாம்பலும் நிற்கும். யன்னலுக்கு வெளியே முழுக்க மாமரமும் குரோட்டனும் என்றால், இலைப்பச்சை உள்ளே வரும். பச்சை கலந்த சாம்பலை அங்கே அடித்தால் பாசியாகிவிடும், சிவப்புத் துளி உள்ளது பொருந்தும். முதலில் தரையையும் வெளியையும் பாருங்கள், அட்டையைப் பிறகு எடுக்கலாம்.

தம்பி அனுப்பிய குறிப்பில் இன்னொன்று இருந்தது. "வடக்குப் பார்த்த அறைக்கு ஒருநாளும் வெயில் வராது, அது குளிர்ந்த வெளிச்சம், அதற்குச் சூடான நிறம் எடு" என்று. லண்டனுக்கு அது சரி. அது பூமத்திய கோட்டுக்கு வடக்கே 51 பாகைக்கும் மேலே இருக்கிறது, அங்கே மத்தியானச் சூரியன் எப்போதும் தெற்கில்தான். மட்டக்களப்பு ஏறக்குறைய 7.7 பாகை வடக்கு. ஏப்ரல் 10 அளவில் சூரியன் எங்கள் உச்சிக்கு மேலே வந்து, அதன் பிறகு செப்டெம்பர் முதல் கிழமை வரை மத்தியானத்தில் வடக்கே நிற்கும். எங்கள் குசினி வடக்கு. தாழ்வாரம் நேர்வெயிலை மறைத்துவிடும், ஆனால் வெளியே வளவு முழுக்க மணல். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில் அந்த மணலில் பட்ட வெயில் குசினிச் சுவரில் மஞ்சளாக ஏறும். டிசம்பரில் அதே சுவர் நிழலுக்குள் நீலமாகக் கிடக்கும். இங்கே வடக்கு அறை வருடத்தில் இரண்டு குணம் காட்டும். வெளிநாட்டுத் திசைக் குறிப்புகளை அப்படியே எடுத்தால் பாதி வருடத்துக்குத்தான் சரிவரும். குசினிக்கு நாங்கள் ஹோல் நிறத்தையே ஒரு படி வெளிறலாக எடுத்தோம்.

இரவு வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. எங்கள் வீட்டில் எல்லாம் வெள்ளை எல்ஈடி பல்ப், பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும். வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு அது, எண் கூடக் கூட நீலம், குறையக் குறைய மஞ்சள். அந்த வெளிச்சத்தில் எந்தச் சாம்பலும் நீலத்துக்குச் சாயும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்ப்பில் புழுதி ஆஷ் மண் நிறமாகிவிட்டது. 4000 கெல்வின் நடுவில் நின்றது, ஹோலுக்கு அதை மாட்டினோம். பல்ப்பை மாற்றுவது சுவரை மாற்றுவதை விட எத்தனையோ மடங்கு மலிவு. ஏற்கெனவே பிழையாக அடித்துவிட்டவர்கள் முதலில் பல்ப்பை மாற்றிப் பாருங்கள். இரவுக்காவது ஒரு நிம்மதி கிடைக்கும்.

எவ்வளவு வெளிறல் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. பல கம்பனிகள் தங்கள் நிறத்துக்கு, விழும் வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்று 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுக்கும். கறுப்பு 0 பக்கம், வெள்ளை 100 பக்கம். எல்ஆர்வி என்று கேட்டால் தெரியும். எங்கள் முதல் நிறம் ஐம்பதுக்குக் கீழே. விறாந்தைக்குள் ஒளிந்த ஹோலில் அது பகலிலேயே விளக்குப் போட வைத்தது. இரண்டாவது அறுபதுக்கு மேலே. விறாந்தை உள்ள பழைய வீடுகளுக்கு அறுபதுக்குக் கீழே இறங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

இனி அளவு. ஹோல் 14க்கு 12 அடி, உயரம் 10. சுற்றளவு 52 அடி, ஆக 520 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 90 கழித்தால் 430. இரண்டு பூச்சுக்கு 860. பழைய, சமமான சுவரில் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி போகும், எனவே எட்டரை லீற்றர் அளவில். முதல் முறை இரண்டு 4 லீற்றர் ரின் வாங்கி, போதாமல் பிறகு ஒரு லீற்றர் கலப்பித்தோம். அந்த ஒரு லீற்றர் போன இடம் விறாந்தைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர். பின்னேர வெளிச்சத்தில் அந்தத் துண்டு தனியாகத் தெரிந்தது. கடும் நிறங்களில் இப்படிச் சின்ன வித்தியாசம் மறைந்துவிடும், சாம்பலில் மறையாது. இரண்டாம் முறை ஒரே 10 லீற்றர் ரின். ஒன்றுக்கு மேல் வாங்க வேண்டி வந்தால், எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள். பாஸ்மார் சிலர் சலித்துக்கொள்வார்கள், எங்களுடையவர் தானாகவே செய்வார். மூடியிலிருந்த ஸ்ரிக்கரைப் படமும் எடுத்து, கிழித்து வீட்டுக் கொப்பியில் ஒட்டியும் வைத்திருக்கிறேன்.

பளபளப்பு இல்லாத மற் பூச்சுத்தான் எடுத்தோம். பழைய சுவரின் மேடு பள்ளத்தை அது மறைக்கும், சிவப்புத் தரையின் மினுக்கத்தையும் அவ்வளவு வாங்காது. ஈரமாக இருக்கும்போது நிறம் வெளிறலாக இருக்கும், காய்ந்தால் ஒரு படி கடுமையாகும். மாரியில் காய நேரம் எடுக்கும், அவசரப்பட்டு முதல் நாளே முடிவு சொல்லவேண்டாம். சித்திரை வருடப்பிறப்புக்கு முதல் கிழமை அடித்து முடித்தோம்.

மே மாதம் அம்மாவின் இடக் கண்ணுக்கும் ஒப்பரேசன் முடிந்தது. கட்டு அவிழ்த்த அடுத்த நாள் காலை ஹோலுக்குள் கதிரையைப் போடச் சொன்னார். பழக்கம் போல ஒரு கண்ணைப் பொத்தினார், மற்றதைப் பொத்தினார். பிறகு சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். "தரை இவ்வளவு சிவப்பா இருந்ததா மனே?" என்றார். இவ்வளவு காலமும் அந்தப் பழைய கண்ணுக்கு அது செங்கல் பழுப்பாகத்தான் தெரிந்திருக்கிறது.

மேற்கு அறை மட்டும் இன்னும் மிச்சம். பின்னேரம் நாலரைக்கு வாவித் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் அந்த அறையின் முகட்டில் நெளிந்து ஓடும், ஐந்தரைக்குச் சுவர் முழுக்கச் செம்மஞ்சள். ஹோலில் நின்ற புழுதி ஆஷ் அங்கே மஞ்சளாகிவிடுகிறது. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் நீலம் உள்ள சாம்பல் பொருந்தும் போலத் தெரிகிறது, காலையில்தான் அது எப்படியோ. சீமெந்து ஆஷையும் கடல் ஆஷையும் எடுத்து, ஒரு கிழமைக்கு ஒன்றாக மாட்டிவிட்டிருக்கிறேன். மாரி வந்து போகட்டும், அதற்குப் பிறகுதான் பாஸைக் கூப்பிடுவேன்.